கிராம சபைக்குப் போகும் முன் குடத்தை அளந்துவிடுங்கள்

"எங்க தெருவுக்குத் தண்ணியே வரல" என்று கிராம சபையில் எத்தனை முறை சொன்னாலும் அது தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட ஏறாது. வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்தில் ஓர் ஊராட்சிக்கு 2021 அக்டோபரில் வார்டு உறுப்பினராக வந்த நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திட்டம் போடுகிறவர்களுக்கு எண் வேண்டும். அதை நம் தெருவிலிருந்து நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வீடு குழாய் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். உங்கள் வீட்டுக்கு அது வருகிறதா என்று பார்க்க ஒரு குடமும் செல்போனும் போதும்.

முதலில் குடத்தை அளங்கள். எங்கள் வீட்டு பிளாஸ்டிக் குடத்தை 15 லிட்டர் என்று சொல்லித்தான் விற்றார்கள். லிட்டர் பாட்டிலால் ஊற்றிப் பார்த்தேன், கழுத்து வரைக்கும் 14தான் பிடித்தது. அப்புறம் தண்ணீர் விடும் நேரத்தில் குழாயடியில் வைத்து, குடம் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். டேங்குக்குப் பக்கத்துத் தெருவில் 45 விநாடி ஆனது. எங்கள் மேட்டுத் தெருவின் கடைசி வீட்டில் 2 நிமிடம் 40 விநாடி. தண்ணீர் விடுவது அரை மணி நேரம். அங்கே 40 குடம், 560 லிட்டர். இங்கே 11 குடம், 154 லிட்டர். அந்தக் கடைசி வீட்டில் ஐந்து பேர், அதில் ஒருத்தி பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாதவள். ஒரே டேங்க், ஒரே மோட்டார், ஒரே அரை மணி நேரம்.

ஒரு நாள் அளந்தால் போதாது. ஒரு வாரம் அளந்து, வீட்டு வாரியாக, ஆள் எண்ணிக்கையோடு நோட்டில் எழுதுங்கள். புதிதாகக் கடைக்கால் போட்டிருக்கும் மனைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழாய்களை 30 வருடத் தேவையை வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள், இன்றைக்கு இருக்கும் வீடுகளை மட்டும் சொன்னால் நாளைக்கு வருகிறவர்களுக்குப் பற்றாது. ஆடு மாடு குடிக்கும் தண்ணீர் தனிக் கணக்கு. 55 லிட்டர் மனிதருக்கு மட்டும்தான்.

அடுத்தது போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. இங்கேதான் நான் தவறினேன். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியது. அந்த டிசம்பரில் எங்கள் போர் தண்ணீரைக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அப்போது அளந்ததையே எழுதிக் கொடுத்துவிட்டேன். மே மாதம் மோட்டார் இருபது நிமிடம் ஓடும், அப்புறம் காற்றுதான் வரும். நம் பக்கம் நல்ல மழை ஆடி தொடங்கி கார்த்திகை வரைதான். அதனால் போரைச் சித்திரை வைகாசியில் அளங்கள். டேங்க் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது, நடுவில் எத்தனை முறை மோட்டாரை நிறுத்த வேண்டியிருக்கிறது என்று டேங்க் ஆபரேட்டரிடம் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார். அவரைவிட இதைத் தெரிந்தவர் ஊரில் இல்லை. மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் உங்கள் ஊருக்கும் உண்டு என்றால் அதைத் தனியாக எழுதுங்கள். எங்கோ குழாய் உடைந்து அது நிற்கும் நாளில் போர்தானே கைகொடுக்க வேண்டும்?

தரத்தையும் விடாதீர்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை ஏற்கிறார்கள். கிராம குடிநீர் சுகாதாரக் குழுவில் பயிற்சி பெற்ற பெண்களிடம் பரிசோதனைப் பெட்டி இருக்கும். அதில் சந்தேகம் வந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கிராம சபை வருடத்தில் ஆறு நாள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லோருக்கும் தெரியும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சி தினம். தண்ணீர்ப் பேச்சுக்கு மார்ச் 22 பொருத்தமான நாள். ஆனால் அன்றைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள், முந்தின நாளே வீடு வீடாகச் சொல்லிவிடுங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேராவது வந்திருக்க வேண்டும்.

தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். "மேட்டுத் தெருவுக்குக் குடிநீர் வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. நாங்கள் எழுதியது இது: "மேட்டுத் தெருவில் 38 வீடுகள், 171 பேர். நாளொன்றுக்குத் தேவை 9,405 லிட்டர். கடைசி 14 வீடுகளில் வீட்டுக்குச் சுமார் 154 லிட்டர்தான் கிடைக்கிறது. டேங்கிலிருந்து தனிக் குழாயும் தனி கேட் வால்வும் அமைக்க வேண்டும்." செலவுக்கு எங்கே போவது என்பார்கள். ஊராட்சிக்கு வரும் 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு வேலைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்தத் தொகை என்னவாயிற்று, எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். தீர்மானம் புத்தகத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள்.

நகல் வாங்கி, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒன்று, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒன்று கொடுத்து ரசீது வாங்குங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த வேலைக்கான மதிப்பீட்டின் (எஸ்டிமேட்) நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அந்த மதிப்பீடு கையில் இருந்தால்தான் பள்ளம் தோண்டும் நாளில் பேச முடியும். குழாயின் அளவு, ஆழம், எந்த வீடு வரை என்று எல்லாம் அதில் இருக்கும். எங்கள் தெருவில் ஏழு வீடு மிச்சம் இருக்கும்போதே பள்ளத்தை மூடப் பார்த்தார்கள். காகிதத்தைக் காட்டினோம், மறுநாள் மீதியும் தோண்டினார்கள்.

இப்போது கடைசி வீட்டில் குடம் நிறைய 1 நிமிடம் 5 விநாடி. நோட்டு அந்த வீட்டுப் பெண்ணிடம்தான் இருக்கிறது, பதினைந்து நாளுக்கு ஒரு முறை அளந்து எழுதுகிறாள்.