பெயருக்குப் பணம் கட்டாமல் நல்ல இனிப்பு ஒயின் வாங்குவது எப்படி?

சாப்பாடு முடிந்ததும் சின்னக் கோப்பையில் குடிக்கும் இனிப்பு ஒயின் என்றாலே விலை எட்டாது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பிரான்சில் சோதெர்ன் (போர்தோ நகருக்குத் தெற்கே விளையும் புகழ்பெற்ற இனிப்பு ஒயின்) பாட்டில்கள் இருக்கும் அலமாரியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு பாட்டிலுக்குள் போகும் உழைப்பைக் கணக்கில் எடுத்தால் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் நல்ல ஒயின் வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். எங்கே தேடுவது என்று தெரிந்தால் போதும். நான் இருப்பது பிரான்சில் என்பதால் இங்கே கடைகளில் பார்க்கும் பாட்டில்களை வைத்தே எழுதுகிறேன். விலைகள் யூரோவில், தோராயமானவை.

முதலில் விலை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். போர்தோவுக்குத் தெற்கே சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு, கரோன் ஆற்றில் வந்து கலக்கிறது. கரோன் தண்ணீர் அதைவிடச் சற்று வெதுவெதுப்பானது. அதனால் இலையுதிர் காலத்துக் காலைகளில் அங்கே மூடுபனி எழும்பும். அந்த ஈரத்தில் போட்ரிட்டிஸ் சினேரியா என்ற பூஞ்சை திராட்சையைப் பிடித்துத் தோலைத் துளைக்கும். மதியம் வெயில் வந்ததும் பழத்தின் நீர் வற்றி, சர்க்கரையும் புளிப்பும் செறிவாகும். எல்லாப் பழமும் ஒரே நாளில் இந்தப் பக்குவத்துக்கு வராது. எனவே ஒரே தோட்டத்துக்குள் பல தடவை போய், பக்குவமான பழங்களை மட்டும் கையால் பறிக்க வேண்டும். சோதெர்னில் ஒரு ஹெக்டேருக்கு 25 ஹெக்டோலிட்டருக்கு (2,500 லிட்டர்) மேல் எடுக்கச் சட்டம் விடாது. அங்குள்ள ஷாத்தோ திகேம் என்ற புகழ்பெற்ற தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின்தான் என்பார்கள்.

இந்த மூடுபனியும் பூஞ்சையும் கைப்பறிப்பும் ஆற்றின் அக்கரையிலும் உண்டு. அக்கரைக் கிராமங்களின் பெயர்தான் வெளியே அவ்வளவாகத் தெரியாது. மலிவாக வாங்கும் வித்தை பெரும்பாலும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

படி 1: எத்தனை பேர், எதனுடன்?

இனிப்பு ஒயினில் ஒருவருக்கு 60 மில்லி போதும். சாப்பிடப்போகும் இனிப்பைவிட ஒயின் கூடுதல் இனிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். மைசூர்பாகு, அதிரசம் போன்றவற்றுக்குப் பக்கத்தில் சோதெர்ன்கூட நிற்காது. ரொக்ஃபோர் போன்ற நீலப் பூஞ்சைச் சீஸ், உப்பு முந்திரி, பேரிக்காய், பாதாம் சேர்த்த கேக் இவற்றோடு வைத்துப் பாருங்கள்.

படி 2: எவ்வளவு இனிப்பு என்று கண்டுபிடிப்பது

புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. எனக்கும் தெளிவு வர நாளானது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சூப்பர்மார்க்கெட்டில் 5 யூரோவுக்கு 'முவலோ' என்று எழுதிய வெள்ளை ஒயின்கள் நிறைய இருக்கும். இனிப்பானது என்றுதான் கடையிலும் சொல்வார்கள். ஐரோப்பிய விதிப்படி அந்தச் சொல்லுக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 12 முதல் 45 கிராம் வரை சர்க்கரை என்று பொருள். 45க்கு மேல் போனால் 'தூ' என்ற பிரிவு. ஆனால் ஒரு சராசரி சோதெர்னில் 120 முதல் 150 கிராம் வரை இருக்கும். 30 கிராம் முவலோவை வாங்கிவந்து கேக்கோடு பரிமாறினால், இனிப்பு ஒயினே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துவிடுவோம். கெட்டியான, தேன் போன்ற வகையைக் கடைக்காரர்கள் 'லிக்கரோ' என்பார்கள். கேட்கும்போது அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள்.

ஒரே ஊர்ப்பெயரில் இனிப்பும் இனிப்பில்லாததும் வருவது அடுத்த சிக்கல். ஜூரான்சோன் என்று மட்டும் போட்டிருந்தால் அது இனிப்பு ஒயின். பக்கத்தில் 'செக்' என்று சேர்த்திருந்தால் இனிப்பில்லாதது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பெரும்பாலும் ஒரே தட்டில்தான் அடுக்கியிருப்பார்கள். லுவார் பகுதியின் வூவ்ரேயில் குழப்பம் இன்னும் கூடுதல். செக், தெமி செக் (அரை இனிப்பு), முவலோ என்று எல்லா வகையும் அந்த ஒரே பெயரில் வரும். சில பாட்டில்களில் எந்தச் சொல்லுமே இருக்காது.

இதற்கெல்லாம் இப்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. 2023 டிசம்பர் 8க்குப் பிறகு தயாரான ஒயின்கள் ஐரோப்பாவில் ஊட்டச்சத்து விவரம் தர வேண்டும். பெரும்பாலான பாட்டில்களின் பின்பக்கம் அதற்கு ஒரு க்யூஆர் குறியீடு இருக்கும். அதை போனில் ஸ்கேன் செய்தால் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று காட்டும். பத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு. 3.5 என்றால் 35 கிராம், சாப்பாட்டுக்குப் பிந்தைய கோப்பைக்குப் போதாது. 10க்கு மேல் இருந்தால் தைரியமாக எடுக்கலாம். அதற்கு முந்தைய ஆண்டுப் பாட்டில்களுக்குத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் தொழில்நுட்பக் குறிப்பு கிடைக்கும்.

சர்க்கரை அதிகம் என்பதாலேயே ஒயின் நன்றாக இருந்துவிடாது. அதைத் தாங்கப் புளிப்பு வேண்டும், இல்லையென்றால் சர்பத் குடிப்பது போலிருக்கும். மிக மலிவான சோதெர்ன்களை நான் தவிர்ப்பது இதனால்தான். மோசமான ஆண்டில், சரியாகத் தேர்ந்து பறிக்காமல் செய்த சோதெர்னில் இனிப்பு மட்டும் மிஞ்சும், வேறெதுவும் இருக்காது. அதே 12 யூரோவை அக்கரை ஊரான லூப்பியாக்கில் கவனமாகச் செய்த ஒயினுக்குக் கொடுப்பது மேல்.

படி 3: பெரிய பெயருக்குப் பக்கத்து ஊரைத் தேடுங்கள்

சோதெர்னுக்கு நேர் எதிரே, கரோனின் வலது கரையில் லூப்பியாக், காதியாக், செந்த் குருவா து மோன் என்று மூன்று ஊர்கள் இருக்கின்றன. அதே செமியோன் திராட்சை, அதே மூடுபனி. லூப்பியாக்கில் ஹெக்டேருக்கு 40 ஹெக்டோலிட்டர் வரை எடுக்க அனுமதி உண்டு என்பதால் செறிவு சற்றுக் குறையலாம். ஆனால் நல்ல தயாரிப்பாளர்கள் அந்த எல்லை வரை போவதில்லை. முழு பாட்டிலே 10 முதல் 16 யூரோவுக்குக் கிடைக்கும். கிழக்கே தோர்தோன் பகுதியில் பெர்ஜரக் ஊருக்குப் பக்கத்தில் மோன்பாசியாக் இருக்கிறது, அங்கும் இதே பூஞ்சைதான். என் வீட்டில் விருந்தாளிகளுக்கு அதிகம் திறப்பது மோன்பாசியாக்தான்.

பூஞ்சையின் மணம் பிடிக்காதவர்களுக்கு ஜூரான்சோன். பிரெனே மலையடிவாரத்தில் பெத்தி மான்சாங் என்ற சிறிய, தடித்த தோல் உள்ள திராட்சையைக் கொடியிலேயே விட்டுவைத்து, சூடான தெற்குக் காற்றில் வாடவிட்டுப் பறிக்கிறார்கள். புளிப்பு தூக்கலாக இருப்பதால் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் திகட்டாது. முதல்முறை வாங்குகிறவர் ஒரே ஒரு பாட்டில்தான் வாங்கப்போகிறார் என்றால் என் சிபாரிசு இது. லுவாரில் செனென் திராட்சையிலிருந்து வரும் கோத்தோ து லெயோனும் இதே விலைக்குள் அடங்கும்.

அப்புறம், சாராயம் சேர்த்த வகைகள். திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே சாராயத்தைச் சேர்த்தால் ஈஸ்ட் அடங்கிவிடும், சர்க்கரை மிச்சமாக நிற்கும். தெற்கே ரீவ்சால்ட், மோரி, பான்யுல்ஸ் எல்லாம் இப்படித்தான். ரீவ்சால்ட் ஆம்ப்ரே என்ற பழுப்பு நிற வகையை மரத் தொட்டிகளில் பல வருடம் வைத்து ஆற்றுகிறார்கள். வறுத்த பருப்பு, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், காபி மணமெல்லாம் வரும். 1970, 80களின் ரீவ்சால்ட் பாட்டில்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன, அதே வயதுள்ள போர்ட் ஒயினின் (போர்ச்சுகலில் சாராயம் சேர்த்துச் செய்வது) விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு சிறு பங்குதான். பிறந்தநாள் ஆண்டுப் பாட்டில் பரிசளிக்க நினைப்பவர்கள் வேறெங்கும் தேட வேண்டாம்.

சோதெர்ன் என்ற பெயரே வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. போர்தோ தோட்டங்களைத் தரம் பிரித்த 1855 தரவரிசையில் இடம்பெற்ற பெரிய தோட்டங்கள் சில இரண்டாம் லேபிள் ஒயினும் போடுகின்றன. சுதுயிரோவின் காஸ்தெல்னோ த சுதுயிரோ, ரியூசெக்கின் கார்ம் த ரியூசெக், கிரோவின் பெத்தி கிரோ. அதே தோட்டம், அதே ஆட்கள், ஆனால் சீக்கிரம் குடிக்கத் தயாராக இருக்கும், விலையும் இறங்கும்.

படி 4: ஆண்டு

போர்தோ ஆண்டுகளின் பெருமை பெரும்பாலும் சிவப்பு ஒயினை வைத்துப் பேசப்படுவது. சோதெர்னுக்கு வேறு கணக்கு. 2000 சிவப்புக்குக் கொண்டாட்டமான ஆண்டு, ஆனால் இனிப்பு ஒயின் பறிக்கும் நேரத்தில் மழை கெடுத்துவிட்டது. 2007, 2011 இரண்டும் சிவப்புக்குச் சுமார், சோதெர்னுக்கோ அருமை. 2001 மிகச் சிறந்த ஆண்டுகளில் ஒன்று. 2012இல் திகேம் தன் பெயரில் ஒயினே வெளியிடவில்லை. அதனால் அந்த ஆண்டுப் பாட்டில் கண்ணில் பட்டால், யார் செய்தது என்று பார்த்துவிட்டே எடுங்கள்.

படி 5: கோப்பைக் கணக்கு

அரை பாட்டில் 375 மில்லி, முழு பாட்டில் 750, ஹங்கேரியின் தோக்காய் 500. அளவு மாறுவதால் விலைச்சீட்டை நேரடியாக ஒப்பிடக் கூடாது. 60 மில்லி கோப்பைக்கு எவ்வளவு என்று போன் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 14 யூரோ அரை பாட்டிலில் 6 கோப்பை, ஒன்று 2.33. 22 யூரோ முழு பாட்டிலில் 12 கோப்பை, ஒன்று 1.83. முழு பாட்டில்தான் லாபம் போலத் தெரியும். ஆனால் வீட்டில் இரண்டு பேர்தான், பாதி வீணாகும் என்றால் ஒரு கோப்பை 3.67 ஆகிவிடும்.

எனவே திறந்தபின் எத்தனை நாள் தாங்கும் என்பதும் விலையின் ஒரு பகுதிதான். சோதெர்ன் வகைகள் மூடியோடு பிரிட்ஜில் ஒரு வாரம் நன்றாக இருக்கும். ரீவ்சால்ட் ஆம்ப்ரே, மரப்பீப்பாயில் ஆற்றிய டானி போர்ட் வாரக்கணக்கில். மதேரா என்ற போர்ச்சுகல் ஒயின் மாதக்கணக்கில் கெடாது. இத்தாலியின் மோஸ்காத்தோ தாஸ்தி மெல்லிய நுரையுள்ளது, ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், அன்றே முடித்துவிடுங்கள். தனியாக அவ்வப்போது ஒரு கோப்பை குடிக்கிறவருக்கு ரீவ்சால்ட்தான் சிக்கனம்.

படி 6: எப்போது, எங்கே

செப்டம்பர், அக்டோபரில் பிரெஞ்சு சூப்பர்மார்க்கெட்டுகள் ஒயின் சந்தை நடத்தும். அப்போது வாங்குங்கள். டிசம்பரில் பண்டிகை விருந்துக்காக சோதெர்னை முன்வரிசையில் குவிப்பார்கள், அந்தக் கூட்டத்தில் நிதானமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. விலை ஒப்பிட எனக்குப் பிடித்தது ஒயின்-சர்ச்சர் தளம். வரி சேர்த்த விலையா, சேர்க்காத விலையா என்பதை மட்டும் கவனியுங்கள். நட்சத்திர மதிப்பீட்டுச் செயலிகளை இந்த வகைக்கு நான் நம்புவதில்லை. இனிப்பு ஒயினே பிடிக்காதவர்கள் போடும் மதிப்பெண்ணும் அதில் கலந்துவிடுகிறது.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். ஊசி வழியே வாயு செலுத்தி ஒயின் எடுக்கும் விலையுயர்ந்த சாதனம் இந்த ஒயின்களுக்குத் தேவையே இல்லை, ஒயினைக் கெடாமல் காக்கும் வேலையில் பாதியைச் சர்க்கரையே செய்துவிடும். சாதாரண மடக்குத் திறப்பான் போதும். பழைய ரீவ்சால்ட் வாங்கினால் மட்டும் இரண்டு தகடுகள் உள்ள திறப்பான் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், உளுத்த கார்க்கை உடையாமல் எடுக்கும். வெள்ளை வகைகளை 8 முதல் 10 டிகிரி குளிர்ச்சியில் பரிமாறுங்கள். அதற்கும் கீழே போனால் மணம் அடங்கிவிடும்.

பின்சேர்க்கை 1: க்யூஆர் பக்கத்தில் வந்த எண்ணும் தயாரிப்பாளர் சொன்ன எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் பார்த்தது மாவுச்சத்து வரி. அதில் ஒயினில் இயல்பாக உள்ள கிளிசரால் போன்றவையும் சேரும், அதனால் எண் சற்றுக் கூடும். அதற்குக் கீழே 'தோன் சூக்ர்' என்று பிரெஞ்சில் தனி வரி இருக்கும். சர்க்கரைக்கு அதைத்தான் பார்க்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் போல ஏதோ கிடக்கிறது, கொட்டிவிடலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். கொட்டாதீர்கள். அது டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு, குளிரில் படிகமாகிவிடும், கெடுதல் எதுவுமில்லை. பாட்டிலை ஒரு மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு மெதுவாக ஊற்றினால் அடியிலேயே தங்கிவிடும்.

பின்சேர்க்கை 3: ஊருக்கு எடுத்துப்போவது பற்றிப் பலர் கேட்டார்கள். இந்தியாவுக்குள் ஒரு பயணி 2 லிட்டர் வரை மதுபானம் வரியில்லாமல் கொண்டுபோகலாம். முழு பாட்டில் என்றால் இரண்டோடு நிற்க வேண்டும், அரை பாட்டில் என்றால் ஐந்து போகும், மொத்தம் 1.875 லிட்டர். மோன்பாசியாக், ஜூரான்சோன் என்று வகைக்கு ஒன்றாகக் கலந்து எடுக்கலாம். எல்லாக் கடையிலும் அரை பாட்டில் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இந்தியாவிலேயே தேடுகிறவர்கள் நாசிக்கின் சுலா நிறுவனம் செய்யும் லேட் ஹார்வெஸ்ட் செனென் பிளாங்கிலிருந்து தொடங்கலாம்.