ஜாதகத்தின் வழியே இஷ்ட தெய்வத்தை அறிதல்

குலதெய்வம் குடும்ப மரபால் வருவது. அதற்கு ஜாதகம் தேவையில்லை. தமக்கே உரிய இஷ்ட தெய்வத்தை அறிய விரும்புவோர்க்கு ஜைமினி முனிவர் பெயரால் வழங்கும் ஜோதிட முறை ஒரு வழி காட்டுகிறது.

முதலில், சூரியன் முதல் சனி வரையிலான ஏழு கிரகங்களுள் தான் நின்ற ராசியில் மிகுந்த பாகை (டிகிரி) கடந்ததைக் கண்டறிய வேண்டும், அதுவே ஆத்மகாரகன். ராகுவையும் சேர்ப்போர் அதன் பாகையை 30இலிருந்து கழித்துக் கொள்வர். வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கங்களுக்கும் பாகை வேறுபடுவதால், ஒரே பஞ்சாங்கத்தைக் கடைசிவரை பின்பற்றுவது நல்லது.

அடுத்து, ஒவ்வொரு ராசியையும் ஒன்பது பங்காக்கி அமைக்கும் நவாம்சக் கட்டத்தில் ஆத்மகாரகன் நிற்கும் ராசிக்குப் பன்னிரண்டாம் இடத்தை, அதாவது அதற்கு முந்தைய கட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கே கிரகம் இருந்தால் அதற்குரிய தெய்வம். இல்லையேல் அந்த ராசிநாதனுக்குரிய தெய்வம். எடுத்துக்காட்டாக, சனி மேஷத்தில் 28 பாகையில் நின்று ஆத்மகாரகனானால், நவாம்சத்தில் தனுசில் அமரும். முந்தைய விருச்சிகம் காலியாக இருப்பின் அதன் நாதன் செவ்வாய், தெய்வம் முருகன்.

சூரியனுக்குச் சிவன், சந்திரனுக்குப் பார்வதி, புதனுக்கும் சனிக்கும் திருமால், சுக்கிரனுக்கு இலக்குமி, ராகுவுக்குத் துர்க்கை, கேதுவுக்கு விநாயகர் என்பர். குருவுக்குத் தட்சிணாமூர்த்தியைச் சொல்வது தமிழக வழக்கம்.

இதில் லக்னம் கணக்கில் வராததால், பிறந்த நேரம் சில நிமிடங்கள் பிசகினாலும் விடை பெரும்பாலும் மாறாது. கணக்கு முருகனைக் காட்டினாலும் மனம் அம்மனிடமே செல்லுமானால், மனத்தின் பக்கமே நிற்கலாம் என்பது என் கருத்து.