மூக்கு எண்டோஸ்கோப்பி முடிந்த அன்று செய்யக்கூடாதவை

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது பெரும்பாலும் ஐந்து நிமிட வேலைதான். அந்தக் கம்பிக்குழாயின் தடிமன் 4 மில்லிமீட்டர், அதாவது பென்சிலைவிட மெல்லியது. சின்னப் பிள்ளைகளுக்கு 2.7 மில்லிமீட்டர்க் குழாயும் உண்டு. பரிசோதனையால் மூக்குக்குப் பெரிய காயம் ஏற்படுவது அரிது. ஆனால் வீட்டுக்கு வந்தபின் எரிச்சல், அடைப்பு, லேசான ரத்தக்கசிவு என்று ஏதாவது தெரிந்ததும் பயந்துபோய் நாம் செய்கிற வைத்தியம்தான் பல நேரம் மூக்கைப் புண்ணாக்குகிறது.

என் அப்பாவுக்குப் பரிசோதனை முடிந்து வெளியே வந்ததும் அவர் கேட்டது காபி. நானும் யோசிக்காமல் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது வாயிலேயே புரை ஏறி, கண்ணெல்லாம் சிவந்து, மூச்சுக்குத் திணறிவிட்டார். மூக்கில் வைக்கும் லிக்னோகெயின் மருந்து பின்பக்கமாக வழிந்து தொண்டையையும் மரத்துப்போக வைத்துவிடும். தொண்டையில் ஏதோ உருண்டை அடைத்த மாதிரி இருப்பதும், கசப்பு இறங்குவதும் அதனால்தான். மரத்த தொண்டைக்கு விழுங்குவதில் கட்டுப்பாடு இருக்காது, சூடும் தெரியாது. ஒரு மணி நேரம் வாயில் எதுவும் வைக்க வேண்டாம். பிறகு ஆறிய தண்ணீரை ஒரு மிடறு குடித்துப் பார்த்து, சரியாக இறங்கினால் மற்றதைச் சாப்பிடலாம்.

அன்று சாயங்காலமோ இரவோ மூக்கு கும்மென்று அடைத்துக்கொள்ளும். "காலையில நல்லாத்தானே இருந்தது, குழாய் விட்டுக் கெடுத்துட்டாங்க" என்று பலரும் நினைக்கும் இடம் இதுதான். நடப்பது வேறு. குழாய் நுழைய இடம் வேண்டும் என்பதற்காக, மரத்துப்போகும் மருந்தோடு சைலோமெட்டாசோலின் போன்ற, ரத்தக்குழாய்களைச் சுருக்கும் மருந்தையும் பஞ்சுத் திரியில் நனைத்து வைக்கிறார்கள். அதனால் சதை வற்றி, மூக்கு வழக்கத்தைவிட நன்றாகவே திறந்துகொள்ளும். சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் போனதும் சதை பழைய அளவுக்குத் திரும்பும், சிலருக்குச் சற்றுக் கூடுதலாகவே வீங்கும். அந்த அடைப்புக்கு மருந்துக் கடையில் ஒட்ரிவின், நாசிவியான் என்று சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்து மிக மோசமான தவறு. அவையும் அதே வகை மருந்துகள். ஊற்றியதும் திறக்கும், தீர்ந்ததும் அடைக்கும், மறுபடி ஊற்றுவோம். டாக்டர் சொல்லாமல் மூன்று, ஐந்து நாட்களைத் தாண்டிப் போனால் அந்த மருந்தே ஓயாத அடைப்புக்குக் காரணமாகிவிடும். பரிசோதனைக்குப் போன பிரச்சினை ஒன்று, கையோடு கொண்டுவந்தது இன்னொன்று என்றாகும். முதல் இரவைத் தலையணையை உயர்த்தி வைத்துத் தூங்கியே கடத்திவிடலாம்.

உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுவது நல்லதுதான், ஆனால் உடனே வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே மூக்கில் விடவே கூடாது. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் பல உயிர்களைக் குடித்த 'மூளையைத் தின்னும் அமீபா' உடலுக்குள் நுழையும் வழி மூக்குதான். அந்தத் தண்ணீரைக் குடித்தால் அது மூளைக்குப் போகாது, மூக்கில் ஏறினால் போகும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், இல்லையென்றால் கடையில் விற்கும் சலைன் சொட்டு மருந்து, இவை இரண்டும்தான் சரி.

மூக்குச் சிந்தும்போது சளியில் ரத்தக்கோடு தெரிந்தால் அது ஓரிரு நாளில் போய்விடும். அந்த இரண்டு நாளும் பலமாகச் சிந்தாதீர்கள், காய்ந்த பொருக்கை விரலால் நோண்டாதீர்கள். தும்மல் வந்தால் மூக்கைப் பொத்தி அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். ஆவி பிடிக்க வேண்டாம், சூடு ரத்தக்குழாய்களை விரிக்கும். நல்லெண்ணெய், விக்ஸ் எதையும் உள்ளே விட வேண்டாம். வறட்சிக்கு, நாசித் துவாரத்தின் ஓரத்தில் துளி வாஸ்லின் தடவினால் போதும்.

ரத்தம் சொட்டினால் நம் வீடுகளில் முதலில் வரும் குரல் "தலையை அண்ணாந்துக்கோ" என்பது. அண்ணாந்தால் ரத்தம் நிற்காது, தொண்டைக்குள் இறங்கும், வயிற்றுக்குப் போய் வாந்தியாக வரும். உட்கார்ந்து முன்னால் குனிந்து, வாயால் மூச்சு விட்டபடி, மூக்கின் கீழ்ப்பகுதியில் உள்ள மெத்தென்ற இடத்தை இரு விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மேலே எலும்பைப் பிடித்துப் பயனில்லை. கடிகாரத்தைப் பார்த்து முழுதாகப் பத்து நிமிடம். "நின்னுடுச்சா" என்று நடுவில் விட்டுப் பார்த்தால் உறைந்தது கலைந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் ரத்தக்கசிவைக் கூட்டும். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துவிட்டு, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுகிறவர்கள் மூக்கில் ரத்தம் பார்த்த பயத்தில் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொள்வது மூக்கில் வரும் ரத்தத்தைவிடப் பல மடங்கு ஆபத்து. பரிசோதனைக்கு முன்பே எல்லா மாத்திரைகளின் பெயரையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு முறை பத்துப் பத்து நிமிடம் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, குனியும்போது ஒரு பக்க மூக்கிலிருந்து வெறும் தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டினாலோ காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பரிசோதனைச் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.