தாமஸ் சங்காராவுக்கு ஒரு ராக் பாட்டு: முதன்முறை எழுதுபவர்களுக்கு

தலைவரைப் பற்றிப் பாட்டு என்றதும் கை தானாகப் புகழுரைக்குப் போய்விடும். 'ஏழைகளின் தோழன்', 'புரட்சித் தீ' என்று எழுதினால் அதில் யார் பெயரை வேண்டுமானாலும் மாட்டலாம். இந்த மனிதருக்கு மட்டுமே பொருந்தும் வரி வேண்டும்.

1. தகவலைப் பொறுக்குங்கள்

சங்காரா 1983 ஆகஸ்ட் 4 அன்று ஆட்சிக்கு வந்தபோது அவருக்கு வயது 33. அப்பர் வோல்ட்டா என்றிருந்த அந்த மேற்கு ஆப்பிரிக்க நாட்டுக்கு மறு ஆண்டே புர்கினா பாசோ என்று பெயர் வைத்தார். தேசிய கீதத்துக்கு வரிகள் எழுதியவர், கிட்டாரும் வாசிப்பார். அரசின் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களை விற்றுவிட்டு அமைச்சர்களைச் சின்ன ரெனோ 5 காரில் போகச் சொன்னார். 1987 அக்டோபர் 15 அன்று தலைநகர் வாகடூகுவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இத்தனையும் ஒரே பாட்டில் அடங்காது. நான் காரைத்தான் எடுப்பேன். கேட்பவர் கண்ணில் உடனே தெரிகிற பொருள் அது.

2. மூன்று கார்டு போதும்

கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள். ஆறாவது (மிகத் தடித்த) கம்பியில் 3ஆம் கட்டை (ஃப்ரெட்), ஐந்தாவது கம்பியில் 5ஆம் கட்டை: இது ஜி பவர் கார்டு, அதாவது இரண்டே சுரம் கொண்ட கார்டு. விரலை அப்படியே கிட்டாரின் உடல் பக்கமாக இரண்டு கட்டை நகர்த்தினால் ஏ. இ கார்டுக்கு ஆறாவது கம்பியைத் திறந்து விட்டு, ஐந்தாவதில் 2ஆம் கட்டை. மற்ற கம்பிகளைத் தொட வேண்டாம்.

3. சரணம்

வலது உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகள் முடியும் இடம்) பக்கம் கம்பிகள் மேல் லேசாக வைத்து, இ கார்டை அமுக்கமாக அடித்துக்கொண்டே பாடுங்கள்:

பென்ஸு வண்டி வித்தாச்சு
ரெனோ ஒண்ணு போதும்

பேச்சு மொழியிலேயே இருக்கட்டும். 'விற்றாயிற்று' என்று திருத்தினால் தாளம் இடறும்.

4. பல்லவி

இங்கே உள்ளங்கையை எடுத்துவிட்டு, ஜி, ஏ, இ என்று முழுச் சத்தத்தில் அடியுங்கள். வரி என்று எதுவும் வேண்டாம், பெயர் போதும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள். 'சங்' ஒன்றில், 'கா' இரண்டில், 'ரா' மூன்றில் விழட்டும். நான்கில் பாடாதீர்கள், அந்த இடம் ஸ்னேர் டிரம்முக்கு. அந்த இடைவெளி இருந்தால்தான் கூட்டம் திரும்பக் கத்தும்.

5. நடுப்பகுதி

கொலையை இங்கே வையுங்கள். அவருடைய நெருங்கிய நண்பராக இருந்த பிளேஸ் கொம்பாவோரே அன்றே ஆட்சியைப் பிடித்து 27 ஆண்டுகள் ஆண்டார். 2022இல்தான் அந்தக் கொலை வழக்கில் நீதிமன்றம் கொம்பாவோரே நேரில் வராமலேயே அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அழுது பாடத் தேவையில்லை. 87, 2022 என்ற இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்துச் சொன்னாலே கோபம் வரும். எட்டு பார் (ஒரு பார் என்பது நான்கு எண்ணிக்கை) முடிந்ததும் டிரம்மர் நாலு எண்ண, நேராகப் பல்லவிக்கு வந்து அதே சத்தத்தில் சட்டென்று நிறுத்துங்கள்.