மீட்டர் காட்டிய 38 ஓம்

டாஸ் இயங்கும் 486 கணினியையும் விண்டோஸ் 98 கணினியையும் 10பேஸ்2 என்ற பழைய ஈதர்நெட் வகையின் கோஆக்சியல் கேபிளால் இணைத்தபோது, பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) பெரும்பாலும் சென்றது. எஃப்டிபி வழியாகப் பெரிய கோப்பை அனுப்பினால் மட்டும் பாதியிலேயே நின்றது.

முதலில் ஐஆர்க்யூ மோதல் (இரு கருவிகள் ஒரே குறுக்கீட்டு எண்ணைப் பயன்படுத்துவது) என்று எண்ணினேன். 486இல் இருந்த என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு 3ஆம் எண்ணில் இருந்தது; காம்2 போர்ட்டுக்கும் வழக்கமாக அதே எண்தான். 10க்கு மாற்றி, கார்டை இயக்கும் மென்பொருளான பாக்கெட் டிரைவரையும் அதற்கேற்ப ஏற்றினேன். பயனில்லை. கார்டையும் ஆர்ஜி-58 கேபிளையும் மாற்றிப் பார்த்ததில் மேலும் இரண்டு நாள்கள் போயின.

இறுதியில், இரு கணினிகளையும் அணைத்துவிட்டு, கேபிளைக் கார்டுடன் சேர்க்கும் டி வடிவ இணைப்பிகளில் ஒன்றைக் கார்டிலிருந்து கழற்றி, அதன் நடுமுனைக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே மல்டிமீட்டரால் அளந்தேன். கேபிளின் இரு கோடிகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர்கள் (சைகை எதிரொலிக்காமல் தடுக்கும் முனைமூடிகள்) இருந்தால், அவை இணையாக அமைவதால் 25 ஓமுக்குச் சற்று மேல் வர வேண்டும், வந்ததோ 38. வீடியோ கருவிகளுக்கான 75 ஓம் டெர்மினேட்டர்களும் அதே பிஎன்சி இணைப்பி வடிவில்தான் இருக்கின்றன; பழைய பொருள்களின் பெட்டியிலிருந்து நான் எடுத்தவை அவைதான்.

கார்டு கேபிளில் செலுத்தும் சராசரி மின்னோட்டம் சுமார் 41 மில்லியாம்பியர். 25 ஓமில் அது ஏறத்தாழ 1 வோல்ட்டை உண்டாக்கும், 37.5 ஓமில் 1.5 வோல்ட்டைத் தொட்டுவிடும். இரு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்புவதாகக் கார்டு முடிவுசெய்யும் எல்லையும் ஏறக்குறைய அதுவே என்பதால், ஒரே கணினி அனுப்பியதுகூடச் சில வேளைகளில் மோதலாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது.

50 ஓம் டெர்மினேட்டர்களைப் பொருத்தியதும் கோப்பு முழுவதும் சென்றது. நிம்மதி. 75 என்ற எண் பழையவற்றின் விளிம்பில் பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்ததை அதன் பிறகே கண்டேன்.