விக்கித் தளத்தில் படிவ உள்ளீட்டைக் கையாளுவது எப்படி?

விக்கியின் தொகுத்தல் பக்கத்தில் 'சேமி' பொத்தானை அழுத்தியதும், தலைப்பு, உரை, தொகுப்புச் சுருக்கம் ஆகியவற்றோடு கண்ணுக்குத் தெரியாத மறைபுலங்கள் சிலவும் சர்வருக்குச் செல்கின்றன. யாரும் எழுதலாம் என்பதே விக்கியின் அடிப்படை என்பதால் வருகிற எதையும் சோதிக்காமல் ஏற்கக் கூடாது. ஆனால் சோதனையில் தவறினாலும் பயனர் தட்டச்சு செய்த உரை தொலைந்துவிடக் கூடாது. பிஎச்பியில் சிறிய விக்கி ஒன்றை எழுதிப் பழகுவோருக்கு இவ்விரண்டையும் காக்கும் வரிசை இது.

படி 1. சேமிக்கும் கோரிக்கையைப் போஸ்ட் முறையில் (தரவை முகவரியில் இடாமல் கோரிக்கையின் உள்ளே வைத்து அனுப்பும் முறை) மட்டும் ஏற்க வேண்டும். கோரிக்கை நம் படிவத்திலிருந்தே வந்தது என்பதற்கு அடையாளமாகப் படிவத்தில் மறைத்து அனுப்பிய டோக்கன் (ஊகிக்க முடியாத குறிச்சரம்), பயனரின் அமர்வில் (அவரது வருகைக்காகச் சர்வர் வைத்திருக்கும் பதிவில்) உள்ள டோக்கனோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். அமர்வு காலாவதியாகிப் பொருந்தாமல் போனால், வெறும் பிழைச்செய்தியைக் காட்டாமல், எழுதிய உரையைப் புதிய டோக்கனுடன் அதே படிவத்தில் திரும்பக் கொடுக்க வேண்டும்.

படி 2. தலைப்பைச் சோதிக்க வேண்டும். தமிழ் விக்கிகளில் அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுவே. 'கோயில்' என்னும் சொல்லின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம். ஏகாரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து இட்டும் உருவாக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும் தரவுத்தளத்திற்கு அவை வெவ்வேறு தலைப்புகள் என்பதால், யூனிகோட் இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருதல்) செய்யாத தளத்தில் ஒரே பெயரில் இரண்டு பக்கங்கள் முளைத்துவிடும். ஆகவே முதலில் இயல்பாக்கி, முன்பின் இடைவெளிகளை நீக்கி, அதன் பிறகே நீளத்தை அளக்க வேண்டும். விக்கிப்பீடியா இயங்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் தலைப்பின் உச்ச அளவு 255 பைட்டுகள். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள் கொண்ட 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கே 15 பைட்டுகள் செலவாகின்றன. சதுர அடைப்பு, நெளி அடைப்பு, செங்குத்துக் கோடு போன்றவை விக்கிக் குறியீட்டுக்கு உரியவை. அவற்றைத் தலைப்பில் அனுமதிக்கக் கூடாது.

படி 3. தொகுத்தல் முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். பயனர் பக்கத்தின் எந்தத் திருத்தத்தின் (சேமித்த பதிப்பின்) மீது எழுதத் தொடங்கினார் என்பதை அதன் எண்ணாக ஒரு மறைபுலத்தில் வைத்திருந்து, சேமிக்கும் கணத்தில் பக்கத்தின் அண்மைத் திருத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். எண்கள் வேறுபட்டால் இடையில் வேறொருவர் சேமித்திருக்கிறார் என்று பொருள். இருவரும் வெவ்வேறு பத்திகளைத் திருத்தியிருந்தால் மீடியாவிக்கி தானாகவே இணைக்க முயலும். நமது சிறிய தளத்தில் இரண்டு உரைகளையும் அருகருகே காட்டி, முடிவைப் பயனரிடம் விடுவது போதுமானது.

படி 4. உரையை வந்தபடியே, மதிப்புகளைத் தனியே பிணைக்கும் எஸ்கியூஎல் வினவல் (பயனரின் உரையைக் கட்டளையோடு கலக்காமல் தரவுத்தளத்துக்கு அனுப்பும் வினவல்) மூலம் சேமிக்க வேண்டும். ஆபத்தான ஹெச்டிஎம்எல் குறிகளைச் செயலிழக்கச் செய்வதைப் பக்கத்தைக் காட்டும்போது செய்ய வேண்டும்; சேமிக்கும்போதே மாற்றினால் அடுத்தவர் தொகுக்கத் திறக்கையில் சிதைந்த மூல உரையைத்தான் காண்பார். முன்தோற்றமும் உரையைக் காட்டுவதே ஆகையால், அதிலும் ஹெச்டிஎம்எல் குறிகளை அதே முறையில் செயலிழக்கச் செய்ய வேண்டும்.

படி 5. சேமித்து முடிந்ததும் பயனரைப் பக்கத்தின் முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும். அப்போது அவர் உலாவியைப் புதுப்பித்தாலும் படிவம் மறுமுறை அனுப்பப்படாது.