மெயின்பிரேம் கோப்பை அமுக்கிப் பூட்டி அனுப்பும்போது விடுகிற பிழைகள்

போன மாரியில் ஒரு நாள், கிளிநொச்சியில் என்ர அறையில் இருந்து, கடல்கடந்த மெயின்பிரேம் (பெருநிறுவனங்களின் பெருங்கணினி) ஒன்றின் சோதனைக் கோப்பை இறக்கினேன். இரண்டு தரம் கரண்ட் போய் வந்தது. விடியப்புறம் கோப்பு வந்து சேர்ந்தது, அளவும் ஏறக்குறையச் சரி. விரிக்கப் போனால் இது ஜிசிப் முறையில் அமுக்கிய கோப்பே இல்லை என்கிறது. லைனைத் திட்டித் தீர்த்தேன். பாவம், லைனில் பிழையில்லை. அனுப்பினவர் கோப்பு அனுப்பும் எஃப்டிபியில், மாற்றாமல் அப்படியே அனுப்பச் சொல்லும் ‘பைனரி’ என்ற ஒரு சொல்லை அடிக்க மறந்துவிட்டார்.

மெயின்பிரேம் எழுத்துகளை எப்சிடிக் என்ற எண்குறியீட்டு முறையில் வைத்திருக்கும், எங்கட லாப்டாப்புக்குத் தெரிந்தது ஆஸ்கி முறை. ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’ அங்கே 193, இங்கே 65. டெக்ஸ்ட் முறையில் விட்டால் எஃப்டிபி ஒவ்வொரு பைட்டையும் மாற்றிக்கொண்டே அனுப்பும். அமுக்கிய கோப்பில் மாற்றுவதற்கு எழுத்தே கிடையாது, எல்லாம் குப்பையாகும். ஜிசிப் கோப்பின் முதல் இரண்டு பைட்டுகள் 31, 139. வந்த கையோடு அதைப் பாருங்கள். மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு மாறினால் தப்பலாம் என்பதும் பாதிதான் சரி. மெயின்பிரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ்-இல் எஸ்எஃப்டிபி பைனரியாகவே எடுக்கும். கூடப்பிறந்த எஸ்சிபியோ டெக்ஸ்ட் என்று நினைத்து மாற்றிவிடும்.

‘அப்ப அமுக்காமல் டெக்ஸ்டாகவே அனுப்புவோமே’ என்று கேட்கிற பெடியள் உண்டு. கோபோல் என்ற பழைய நிரல்மொழிக் கோப்புகளில் தொகைகள் பெரும்பாலும் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாகத்தான் கிடக்கும். 40 என்ற இலக்கச் சோடி, பதினாறடிமானத்தில் பார்த்தால், எப்சிடிக்கில் வெற்றிடத்தின் குறியீடும்கூட. அது ஆஸ்கி வெற்றிடமாக மாறினால் 20 ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராமல் தொகை பாதியாகிற கூத்து இது.

அடுத்தது, அமுக்குவது முதலா, பூட்டுவது (மறைகுறியாக்குவது) முதலா என்ற வரிசை. நீளம் மாறாத பதிவுகளில் பெயருக்குப் பின்னால் வெற்றிடம் நிறைந்திருக்கும், அதனால் நன்றாக அமுங்கும். முதலே மறைகுறியாக்கிவிட்டால் ஒழுங்கெல்லாம் கலைந்து, அதன்பிறகு அமுக்கி ஒன்றும் குறையாது. பதரைத் தூற்றிப்போட்டுத்தானே நெல்மூட்டையைத் தைக்கிறோம். ஓபன்பிஜிபி என்ற மறைகுறியாக்க முறையின் மென்பொருள்கள் வழக்கமாகத் தாங்களே அமுக்கிவிட்டுத்தான் பூட்டும்.

நீளம் மாறும் பதிவுகள் இன்னொரு தலையிடி. ஒவ்வொரு பதிவின் முன்னாலும் அதன் நீளத்தைச் சொல்லும் 4 பைட் இருக்கும். எஃப்டிபி வழக்கமாக அதை உதிர்த்துவிடும், பிறகு பதிவு எங்கே முடிகிறது என்று எவருக்கும் தெரியாது. முதலில் ஏஎம்ஏடெர்ஸ் (சுருக்கமாக டெர்ஸ்) என்ற மெயின்பிரேம் கருவி கொண்டு பொதி கட்டுங்கள். பொதி 1024 பைட் நிலைநீளப் பதிவுகளாக வரும். மறுபக்கமும் மெயின்பிரேம் என்றால் அதே அளவில் இடம் ஒதுக்கிப் பைனரியில் வாங்கவேண்டும். டெர்ஸ் அமுக்கும், பூட்டாது. அது பூட்டும் என்று நம்பி அப்படியே அனுப்பினவர்களை எனக்குத் தெரியும்.

இடத்தையும் பாருங்கள். சாதாரணத் தொடர்கோப்பு ஒரு வட்டில் 65,535 டிராக்குக்கு (வட்டில் இடத்தை அளக்கும் அலகு) மேல் போகாது. 3390 வகை வட்டில் அது கிட்டத்தட்ட 3.7 ஜிகாபைட். பெரிய கோப்புக்கு ‘லார்ஜ்’ வகை கேட்கவேண்டும். பழைய சிப் (zip) வடிவத்துக்கும் 4 ஜிகாபைட் எல்லை உண்டு, சிப்64 தேவைப்படும்.

பூட்டிலேயே விடுகிற பிழையில் பெரியது, ‘எங்கட டேட்டாசெட் (மெயின்பிரேம் கோப்பு) ஏற்கெனவே மறைகுறியாக்கப்பட்டது’ என்ற நம்பிக்கை. அது வட்டில் கிடக்கும்வரைதான். அனுமதியுள்ள வேலை ஒன்று வாசித்ததும் வெளிப்படையாகி, வெறும் எஃப்டிபியில் அப்படியே போகும். கடவுச்சொல்லை, மெயின்பிரேம் வேலைக்குக் கட்டளை எழுதும் ஜேசிஎல்லில் எழுதுகிறவர்கள் அது வேலைப்பதிவிலும் தங்கிவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பெறுநரின் பொதுச்சாவியால் (திறக்க அவரது தனிச்சாவி வேண்டும்) பூட்டினால் கடவுச்சொல்லே வேண்டாம். சிப்பின் பழைய கடவுச்சொல் முறையை உடைக்கும் வழி 1994 இலேயே வெளிவந்துவிட்டது, ஏஇஎஸ் மறைகுறியாக்கம் இல்லாத சிப்பைத் தொடவேண்டாம்.

நான் இப்போது பூட்டிய கோப்பை 500 மெகாபைட் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கொரு ஷா-256 கூட்டுத்தொகையும் (துண்டு பழுதா என்று சரிபார்க்கும் எண்) சேர்த்து அனுப்பச் சொல்கிறேன். கரண்ட் போனால் பழுதான துண்டை மட்டும் திரும்ப இறக்கினால் போதும்.